பரணிலிருந்து இறங்கும் பொங்கல் பானை

மார்கழி மாதத்தின் கடைசி வாரம். விடியற்காலையில் கோயிலுக்குச் சென்று திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்டுவிட்டு வீடு திரும்பிய கையோடு, பல இல்லங்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். பரணில் ஏணி சாத்தப்படும். ஆண்டு முழுவதும் பழந்துணியில் சுற்றி வைத்திருந்த வெண்கலப் பானை, அதனருகே கவிழ்ந்து கிடக்கும் பித்தளைத் தவலை, உருளி, மூலையில் ஈயச் சொம்பு என ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். பாட்டி காலத்துச் சீர் பாத்திரங்கள் அவை. கழுத்தோரத்தில் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்க்காமல் அதைத் துலக்கத் தொடங்கும் மூதாட்டிகள் மிகக் குறைவு.

கணவரும் மனைவியுமாக இருவர் மட்டுமே வாழும் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது 76. அம்மையாருக்கு 71. நாள்தோறும் ஓர் ஆழாக்கு அரிசியில் சமையல் முடிந்துவிடும். பொங்கலன்று மட்டும் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று 18 இலை போட வேண்டும். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், சாதம், சாம்பார், ரசம், பல காய் சேர்த்த கூட்டு, வடை, பாயசம் என்று பட்டியல் நீளும். “அம்மா, இவ்வளவு பெரிய பானை எதற்கு? குக்கரில் வைத்துவிடலாமே” என்பார் மருமகள். “பொங்கலுக்குக் குக்கரா? பால் எங்கே பொங்கி வழியும்?” என்பார் மாமியார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தாங்க முடியாத பானையைத் தூக்கிக் கையைச் சுட்டுக்கொள்வதும், பூச்சு போன பித்தளையில் புளிக்குழம்பு வைத்து வந்தவர்களுக்கு வயிற்றைக் குமட்டச் செய்வதும் பண்டிகை நாளில் நேரக்கூடாதவை. ஆகவே எந்தப் பண்டத்தை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்பதைப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாகவே தீர்மானித்துவிடுவது நல்லது.

பாத்திரத்துக்குப் பெருமை

பொங்கல் கதிரவனுக்கு உரிய திருநாள். அந்தக் கதிரவனே ஒரு பாத்திரம் அளித்ததாக மகாபாரதம் கூறுகிறது. காட்டில் தம்மைத் தொடர்ந்து வந்த அந்தணர்களுக்கு எப்படி உணவளிப்பது என்று தருமபுத்திரர் கலங்கியபோது, சூரியபகவான் தோன்றி ஒரு தாமிரப் பாத்திரத்தைத் தந்தார். திரௌபதி உண்டு முடிக்கும் வரை அதில் உணவு குறையாது. அதுவே அட்சய பாத்திரம். வனபர்வத்தில் வரும் இச்செய்தியைக் கேட்டவர்களுக்குச் சமையல் பாத்திரம் வெறும் உலோகமாகத் தோன்றாது.

கோயில் மடைப்பள்ளிகளைப் பார்த்தாலும் இது விளங்கும். திருவரங்கத்தில் அரங்கநாதப் பெருமாளுக்கு அமுது புதிய மண்பாண்டங்களில் தயாராகிறது. புரி ஜகந்நாதர் ஆலயத்திலும் மண்பானைதான். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பானைகளை அடுக்கி விறகடுப்பில் ஏற்றுகிறார்கள். மேல் பானையில் உள்ளதே முதலில் வேகும் என்பது அங்கு வழங்கும் நம்பிக்கை. ஒருமுறை பயன்பட்ட பானை மறுமுறை அடுப்பேறுவதில்லை. திருமலையில் எத்தனையோ வகைப் பிரசாதங்கள் தயாரானாலும், குலசேகரப்படியைத் தாண்டி எம்பெருமானின் திருமுன் செல்வது மண் ஓட்டில் வைத்த தயிரன்னம் ஒன்றே. மண்ணால் மலர் செய்து சாற்றி வழிபட்ட குயவரின் பக்தியோடு இவ்வழக்கத்தை இணைத்துச் சொல்வார்கள். பொன்னும் மணியும் குவிந்த சந்நிதியில் அந்த ஓட்டுக்குத்தான் இடம்.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை எடுத்துக்கொண்டால், மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவை மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். அதே மாவை வீட்டு இட்லித் தட்டில் ஊற்றினால் அந்த மணம் வருவதில்லை. கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசம் பெரிய வார்ப்பில் மணிக்கணக்கில் சுண்டிச் சிவக்கிறது. வாய் அகன்ற, அடி கனத்த பாத்திரம் இன்றி அது நடவாது. பண்டத்தின் இயல்பு அறிந்து பாத்திரத்தை அமைத்தவர்கள் மடைப்பள்ளியார். ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்ற பழமொழியைச் சற்றே திருப்பி, பண்டம் அறிந்து பாத்திரம் எடு என்று சமையலறையில் வைத்துக்கொள்ளலாம்.

வெண்கலமும் பித்தளையும்

பரணிலிருந்து இறங்கும் பாத்திரங்களில் எது வெண்கலம், எது பித்தளை என்று பிரித்தறிவது முதல் வேலை. இரண்டும் மஞ்சள் நிறம்தான்; ஆனால் குணம் வேறு. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். மணி வார்க்கும் தரத்து வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் இருக்கும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. வெண்கலப் பானையை விரலால் சுண்டினால் கோயில் மணிபோல் ஓசை நீண்டு ஒலிக்கும். பித்தளையில் ஓசை சட்டென்று அடங்கிவிடும். வெண்கலம் கீழே விழுந்தால் விரிசல் விடக்கூடும், பித்தளை நசுங்கும். ‘வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல’ என்று சொல்லி வைத்தவர்கள் அந்த ஓசையை நன்றாகக் கேட்டவர்கள்.

சோறும் பொங்கலும் வெண்கலப் பானையில் பூச்சு ஏதுமின்றியே வைப்பது நெடுநாள் வழக்கம். அடி கனமாதலால் சூடு சீராகப் பரவும். அரிசி குழைந்து வரும். இறக்கிய பின்னும் நெடுநேரம் சூடு நிற்கும். வயிறு பருத்துக் கழுத்து குறுகிய அதன் வடிவமும் காரணமின்றி அமைந்ததன்று. அகன்ற வயிற்றில் கொதிக்கும் பாலின் நுரை குறுகிய கழுத்துக்கு வரும்போது விரைந்து மேலேறும். “பொங்கலோ பொங்கல்!” என்று குலவையிட ஏற்றபடி நுரை விளிம்பைத் தாண்டி வழியும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் அதே அளவு பாலை ஊற்றினால் நுரை பரந்துபோய், வழியுமா வழியாதா என்று வீடே காத்து நிற்க வேண்டியதுதான்.

பானையைப் புளியிட்டுத் துலக்கியவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. புளிப்பின் சுவடு சிறிதும் இல்லாதபடி பலமுறை அலசிவிட வேண்டும். மிச்சமிருக்கும் புளிப்பில் பால் திரிந்துவிடும். பொங்கலன்று பால் திரிந்தால் பெரியவர்கள் மனம் எவ்வளவு சஞ்சலப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சகுனத்தின்மேல் பழிபோடுவதற்கு முன் பானையின் உட்கழுத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்திருக்கலாம்.

ஈயம் பூசுபவர் வாராத தெரு

பித்தளையின் கதை வேறு. பித்தளையிலும் செம்பிலும் புளி, தயிர், எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பொருள்கள் பட்டால் செம்பு கரைந்து உணவில் கலக்கும். பச்சை நிறத்தில் படிவதைக் களிம்பு என்கிறோம். செம்பு மிகுந்த உணவு குமட்டலையும் வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும். முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். அதனால்தான் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினர்.

முன்பெல்லாம் பண்டிகை நெருங்கினால் தெருவில் ஈயம் பூசுபவரின் குரல் கேட்கும். மரத்தடியில் சிறு குழி தோண்டி, கரி இட்டு, துருத்தியால் ஊதிக் கனல் மூட்டுவார். பாத்திரத்தைச் சூடேற்றி, நவாச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். ஈயக் குச்சியை உட்புறம் தொட்டதும் அது உருகும். பழந்துணியால் ஒரே சுழற்றாகத் தேய்ப்பார். மஞ்சள் பாத்திரத்தின் உள்ளே நிலவொளி பரவியதுபோல் வெண்மை படரும். தண்ணீரில் முக்கி எடுத்ததும் ‘சுர்’ரென்ற ஓசை. சுற்றி நின்று வேடிக்கை பார்த்த சிறுவர்கள் இன்று தாத்தாக்களாகிவிட்டனர். அந்தக் குரல்தான் பெரும்பாலான தெருக்களில் ஓய்ந்துவிட்டது.

பூசுபவர் வாராததால் பூச்சும் நின்றது. பாத்திரம் மட்டும் பரணிலிருந்து ஆண்டுதோறும் இறங்குகிறது. இங்கேதான் ஆபத்து. இருபது ஆண்டுகளுக்கு முன் பூசிய ஈயம் இன்னும் இருப்பதாக நம்பிக்கொண்டு அதில் சாம்பார் வைப்பவர்கள் உண்டு. பாத்திரத்தின் உட்புறத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். சீரான வெண்மை இருந்தால் பூச்சு இருக்கிறது. அடியிலோ ஓரத்திலோ மஞ்சளாகவோ செம்பாகவோ தென்பட்டால், பூச்சு போய்விட்டது. கைப்பகுதி அளவு போனாலும் போனதுதான். ஒழுங்காக ஈயம் பூசப்படாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு ஏற்றவையல்ல என்றே 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் கூறின. அத்தகைய தவலையில் வெந்நீர் போடலாம். பூக்களை மிதக்கவிட்டு வாசலில் வைக்கலாம். குழம்பு வைக்கலாகாது.

கும்பகோணம் போன்ற ஊர்களின் பாத்திரக் கடைத் தெருக்களிலும், நகரங்களில் பழைய பித்தளைக் கடைகளிலும் கேட்டால் ஈயம் பூசித் தருபவரைக் காட்டுவார்கள். பண்டிகைக்கு முதல் நாள் ஓடினால் நடவாது. மார்கழி நடுவிலேயே கொடுத்துவிட வேண்டும்.

பூசிய பாத்திரத்தைக் கையாள்வதிலும் ஒரு முறை உண்டு. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். நீர் கொதிப்பது 100 பாகையில். ஆதலால் குழம்போ ரசமோ உள்ளே இருக்கும் வரை பூச்சுக்குக் கேடில்லை. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் பூச்சு உருகித் திரண்டுவிடும். காய்ந்த எண்ணெயின் சூடும் அந்த அளவை எளிதில் நெருங்கும். தாளிப்பதற்கென்று தனியாக இரும்புக் கரண்டி வைத்திருந்த பாட்டிமார்கள், உருகுநிலை என்ற சொல்லைக் கேளாமலே அதை அறிந்திருந்தார்கள். கம்பி நாரால் தேய்ப்பதும் இரும்புக் கரண்டியால் சுரண்டுவதும் பூச்சைத் தேய்த்துவிடும். மரக் கரண்டியே இதற்கு ஏற்றது.

இரண்டு ஈயங்கள்

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பூச்சுக்கும் ஈயச் சொம்புக்கும் உரியது வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. காரீயம் மலிவாகையால் வெள்ளீயத்தோடு அதைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் உண்ணப் போகும் ரசத்தைப் பற்றிய செய்தி இது என்பதால் சற்று நின்று பார்ப்பது தகும்.

காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடுபோல் கருமை படியும். வெள்ளீயம் அப்படிப் படியாது. சுத்தமான வெள்ளீயத் தகட்டை மெல்ல வளைத்தால் ‘கிறீச்’ என்ற நுண்ணொலி எழும். ஆனாலும் சிறிதளவு கலப்பை இச்சோதனைகள் காட்டிக்கொடுக்கும் என்று நம்பிவிட முடியாது. புதிதாக ஈயச் சொம்பு வாங்குபவர்கள், காரீயம் இல்லை என்ற பரிசோதனைச் சான்று காட்டும் கடையில் வாங்குவதே முறை. சான்று கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் வாங்காமல் வருவது இன்னும் நல்லது.

ஈயச் சொம்பு ரசத்தின் மணம் அறிந்தவர்களுக்கு அதை விட்டுக்கொடுக்க மனம் வராது. முதலில் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் வைக்க வேண்டும். தழல் சொம்பின் அடிக்குள் அடங்கியிருக்க வேண்டும். பக்கங்களில் ஏறினால் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதி உருகி வளையும். பருப்புத் தண்ணீர் விட்டு விளாவி, நுரை கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். கல்யாண வீட்டுக் கூட்டம்போல் பேச்சும் சிரிப்பும் நிறைந்த பொங்கல் நாளின் சமையலறையில், இப்படிக் கண்கொத்திக் காத்திருக்க ஒருவரை நிறுத்த முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். முடியாவிட்டால் அன்று எவர்சில்வரில் ரசம் வைத்து, ஈயச் சொம்பை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கணக் கவனக்குறைவில் உருகி ஓடிய சொம்புகள் எத்தனையோ.

மண்பானை வாங்குவோர்க்கு

புதுப்பானையில்தான் பொங்கல் என்பது பல குடும்பங்களின் வழக்கம். மானாமதுரை போன்ற ஊர்களின் மண்பாண்டங்கள் பெயர் பெற்றவை. பானையைத் தட்டினால் ‘டங்’கென்று ஒலிக்க வேண்டும், ‘தொப்’பென்றால் வேக்காடு போதாது அல்லது விரிசல் உண்டு. வண்ணக் கோலம் தீட்டிய பானைகள் இப்போது மிகுதி. வெளிப்புறத்தில் கழுத்தளவோடு நின்றால் கேடில்லை. உட்புறம் பளபளவென்று பூச்சு இருந்தாலோ, தழல் படும் அடிப்பகுதியில் சாயம் இருந்தாலோ அது அழகுக்கு மட்டுமே உதவும். வாங்கிய பானையை ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய நீரை ஊற்றிச் சிறுதழலில் கொதிக்க விட்டு ஆறவைத்தால் பழகிவிடும். பொங்கலன்று காலையில் வாங்கி அன்றே அடுப்பேற்றினால், பால் பொங்குவதற்கு முன் பானை பிளக்கக்கூடும்.

விறகடுப்பில் தழல் பானையின் அடி முழுவதையும் தழுவும். எரிவாயு அடுப்பில் ஒரு வளையமாக ஓரிடத்தைச் சுடும். ஆகவே இடையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்துச் சிறுதழலில் தொடங்குவது பானையைக் காக்கும். சூடான பானையில் குளிர்ந்த பாலையோ நீரையோ ஊற்றலாகாது. இறக்கியதும் ஈரத் தரையில் வைக்காமல் பிரிமணையில் வைக்க வேண்டும்.

ஏனையவை

கல்சட்டி வற்றல் குழம்புக்கும் புளிக்கூட்டுக்கும் இணையற்றது; புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. அடுப்பை அணைத்த பின்னும் கொதித்துக்கொண்டே இருக்குமாதலால் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். புதிய கல்சட்டி கஞ்சியும் எண்ணெயும் கொண்டு பல நாள் பழக்கப்பட வேண்டியது. பண்டிகைக்கென்று அவசரமாக வாங்கக்கூடாது. வடைக்கு இரும்பு வாணலி. ஆழம் வேண்டும், எண்ணெய் பாதிக்கு மேல் வேண்டாம். அதே வாணலியில் புளி சேர்ந்தால் கறுத்துவிடும். அலுமினியமும் இண்டாலியமும் சோறு, பருப்பு வேகவைக்கப் பயன்படும். புளிப்பும் தயிரும் அவற்றில் தங்கலாகாது.

எவர்சில்வரைப் பழிப்பவர்கள் அதில் அடிப்பிடிப்பதைச் சொல்வார்கள். அது மெல்லிய பாத்திரத்தின் குற்றம். மூன்று அடுக்காகத் தகடு சேர்த்து வார்த்த அடிகனமான எவர்சில்வரில் பாயசமும் அக்காரவடிசிலும் அடிப்பிடிக்காமல் வருகின்றன. புளிப்புக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மின்காந்த அடுப்பான இன்டக்‌ஷனில் பித்தளை, வெண்கலம், ஈயம், மண், கல் எதுவும் சூடேறாது. ஒரு காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்தால் போதும். ஒட்டிக்கொள்ளும் பாத்திரமே அந்த அடுப்புக்கு ஏற்றது. பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் பண்டிகைக்காகச் செல்லும் பெரியவர்கள், வெண்கலப் பானையைச் சுமந்து போவதற்கு முன் அங்கே என்ன அடுப்பு என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நலம்.

அளவும் எடையும்

ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் அதே அளவு அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதையும், பின்னாளில் இராமானுஜர் அதை நிறைவேற்றி வைத்ததையும் வைணவ அன்பர்கள் அறிவர். தடா என்றால் பெரிய மிடா. அங்கே நூறு தடா கேட்டது அன்பு. வீட்டிலோ 18 பேருக்கு எவ்வளவு என்று அளந்தே தீர வேண்டும்.

பழைய பாத்திரங்களில் கொள்ளளவு எழுதியிருக்காது. ஒரு லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றி அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடியில் ஒட்டி வைத்தால் ஆண்டுதோறும் உதவும். சர்க்கரைப் பொங்கலுக்கு அரை கிலோ அரிசி, 150 கிராம் பாசிப்பருப்பு, ஒரு கிலோ வெல்லம், பாலும் நீருமாக இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் என்று வைத்துக்கொண்டால், 18 பேருக்குத் தாராளமாகப் போதும். வெந்து முடிந்த பண்டம் நாலு லிட்டர் அளவுக்குள் நிற்கும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறைந்தால் கிளற முடியாது. வெல்லப்பாகு கையில் தெறிக்கும். ஆகவே ஆறு லிட்டர் பாத்திரம் தேவை. பத்து லிட்டர் பாத்திரத்தை எடுத்தால் பண்டம் அடியோடு கிடந்து தீயும்.

இனி எடை. ஆறு லிட்டர் வெண்கலப் பானை நான்கு கிலோ இருக்குமானால், வெந்த பண்டத்தோடு எட்டு கிலோவுக்கு மேல் வந்துவிடும். நாற்பது வயதில் மூச்சுவிடாமல் தூக்கி இறக்கிய அதே பானைதான். 71 வயதில், மேடைமேல் உயரத்தில் இருக்கும் அடுப்பிலிருந்து, ஆவி பறக்க அதை இறக்குவது வேறு. கஞ்சி வடிக்கச் சாய்ப்பது இன்னும் கடினம். புடவை முந்தானையையே பிடிதுணியாகக் கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. தழலருகே அது மிக அபாயம். கனத்த பருத்தித் துணி இரண்டு தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பொங்கலன்று மட்டுமாவது தரையில் செங்கல் வைத்தோ, சிறு அடுப்பைத் தாழ்வான மேடையிலோ வைத்துச் சமைத்தால், தோளுயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை. குனிய முடியாதவர்கள் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு, கரண்டியால் முகந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம். நேரம் சற்று ஆகும், ஆகட்டும்.

நைவேத்யத்துக்கு எது?

எவர்சில்வரும் இரும்பின் வகைதானே, அதில் வைத்ததை நிவேதனம் செய்யலாமா என்ற ஐயம் பெரியவர்களிடம் உண்டு. சில குடும்பங்களில் அதை அறவே விலக்குவர், சிலவற்றில் விலக்குவதில்லை. அவரவர் வீட்டு வழக்கமே இதில் முடிவு. ஆனால் விலக்குபவர்களும், 18 பேருக்கான பண்டம் முழுவதையும் வெண்கலத்திலேயே வைத்தாக வேண்டும் என்று எண்ணித் தம்மை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. சுவாமிக்கு வேண்டியது அளவன்று.

ஒரு படி வெண்கலப் பானையைப் பரணிலேயே விட்டுவிட்டு, சிறிய பானை ஒன்றை எடுத்தால் போதும். ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பானைகள் பல வீடுகளில் இருக்கும், இல்லாதவர்கள் வாங்கலாம். மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, சூரியனுக்கு எதிரே அதில் பாலைப் பொங்கவிட்டு, ஓர் ஆழாக்கு அரிசியில் பொங்கலைச் செய்து நிவேதிக்கலாம். குழந்தைகளுக்குப் பால் பொங்கி வழியும் காட்சி கிடைக்கும். தூக்குபவர் கைக்கும் பாரமில்லை. அதே நேரத்தில் வீட்டாருக்கான பெரும்பகுதியை மருமகள் குக்கரிலோ அடிகனமான எவர்சில்வரிலோ வைத்துக்கொள்வார். நிவேதனம் ஆனதும் சிறு பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பெரிய பாத்திரத்தில் சேர்த்துக் கலந்தால், எல்லார் இலையிலும் விழுவது பிரசாதமே.

கணவரும் மனைவியும் மட்டுமாக இருக்கும் அந்த வீட்டில் இப்படித் தீர்மானமாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பூச்சு போன பித்தளைத் தவலைகளில் இரண்டு, மார்கழி நடுவில் ஈயம் பூசக் கடைக்குப் போகின்றன. மூன்றாவது தவலை வாசலில் பூ மிதக்க நிற்கிறது. வற்றல் குழம்பு கல்சட்டியில், சாம்பார் எவர்சில்வரில். பெயர் வெட்டிய பெரிய பானைக்கு அன்று பூஜையறையில் கும்பத்தின் அருகே இடம். உள்ளே புத்தரிசி நிறைந்திருக்கிறது.

பண்டிகை முடிந்த மாலை, பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஈயம் பூசியவற்றின் உட்புறத்தைத் தேங்காய் நாரோ மென்துணியோ கொண்டு மெல்லத் தேய்த்தால் போதும். புளி அங்கே படவேண்டாம். பூசிய தேதியைக் காகிதத்தில் எழுதி உள்ளே போட்டு வைக்கலாம். சிறிய பானையை மட்டும் மீண்டும் பரணில் ஏற்றாமல், கைக்கெட்டும் தட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ரதசப்தமிக்குச் சூரியனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது ஏணி ஏற வேண்டியிராது.